பெயின்ட் டப்பாவை அப்புறம் திறக்கலாம்: பழைய மரச்சாமான் கேள்வி பதில்

போகிக்குத் தெருவில் தூக்கிப் போடலாம் என்று எடுத்து வைத்து, கடைசி நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் "ஐயோ, அது தாத்தா காலத்துது" என்று தடுத்துவிட, மறுபடியும் மாடிப்படி அடியிலேயே போய் நின்றுகொண்ட பீரோ, கட்டில், பெஞ்ச், தொட்டில் பற்றித்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை. நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். தை பாதியிலிருந்து பங்குனி வரைக்கும் வேலூர்ப் பக்கம் மரவேலைக்கு வாகான காலம்; காற்றில் ஈரம் குறைந்திருக்கும், அக்னி வெயிலும் இன்னும் வந்திருக்காது. அதனால் இந்த இதழ் முழுக்க மரச்சாமான்தான். செடி கொடி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் சீராகக் கொண்டுவந்த தேக்கு பீரோ, கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்தது. முழுக்கக் கறுத்துவிட்டது. பாலிஷ்காரர் சொன்ன தொகைக்குப் புது இரும்பு பீரோவே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. வெள்ளை பெயின்ட் அடித்து, பித்தளைக் கைப்பிடி போட்டால் அழகாக இருக்கும் என்று மகள் போனில் படம் காட்டுகிறாள். என்ன செய்யட்டும்?
– வாசகி, சத்துவாச்சாரி

மகளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் பிரஷ்ஷையும் கையில் கொடுத்துவிடாதீர்கள். தேக்கின் மேல் வெள்ளை எனாமல் அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிறகு மனசு மாறி அதை எடுக்க நினைத்தால்தான் தெரியும், ரேகைக்குள் இறங்கிய வெள்ளை என்ன தேய்த்தாலும் முழுசாக வராது.

நீங்கள் கறுப்பு என்று சொல்வது பெரும்பாலும் மரத்தின் நிறமாக இருக்காது. சாம்பிராணிப் புகை, சமையல் புகை, தலைக்கு எண்ணெய் வைத்த கை, வருஷக் கணக்கில் ஈரத்துணியால் இழுத்து இழுத்துத் துடைத்ததில் அப்பிக்கொண்ட தூசி எல்லாம் சேர்ந்த அழுக்கு அது. கைப்பிடியையும் சாவித் துவாரத்தையும் சுற்றி மற்ற இடத்தைவிடக் கறுப்பாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, பழைய பனியன் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, ஒரு சாண் இடம் மட்டும் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். துணி டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். அடுத்த சாண் இடத்துக்குப் போங்கள். தண்ணீரை ஊற்றிக் கழுவுவது மட்டும் கூடாது, மூட்டுக்குள் இறங்கினால் பசை விட்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் மிச்சம் இருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு டர்பன்டைன் தொட்ட துணியால் ஒரு தடவை. இதோடு நிறுத்திவிட்டு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். நிறைய வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும், செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

முடியவில்லை, மினுக்கு வேண்டும் என்றால் முதலில் மேலே என்ன பூச்சு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பீரோவின் கால் பக்கம், கண்ணில் படாத இடத்தில் பாலிஷ் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். பிசுபிசுவென்று பஞ்சு ஒட்டிக்கொண்டால் அது அரக்கு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். அந்தக் காலத்துத் தேக்குச் சாமானில் அதிகம் பார்ப்பது இதைத்தான், நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஏனென்றால் அரக்கின் மேல் புது அரக்கு தடவினால் பழையது கொஞ்சம் இளகிப் புதியதோடு சேர்ந்துகொள்ளும், பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கும் வேலையே இல்லை.

பெயின்ட் கடையில் அவலரக்கு என்று கேளுங்கள், தேன் நிறத்தில் அவல் அவலாக இருக்கும். 100 கிராம் வாங்கி அரை லிட்டர் ஸ்பிரிட்டில் போட்டு, கண்ணாடி பாட்டிலில் மூடி ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். இரும்பு டப்பா வேண்டாம், அரக்கு கறுத்துவிடும். காலையில் குலுக்கி, வேட்டித் துணியில் வடிகட்டினால் பாலிஷ் தயார். தேவைக்கு மட்டும் கரையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கிடந்த கரைசல் சரியாகக் காயாது, ஒட்டிக்கொண்டே இருக்கும். கடையில் கலந்து விற்கும் பாட்டிலிலும் தேதி பார்த்து வாங்குங்கள்.

தடவுவதில்தான் கை பழக வேண்டும். எலுமிச்சை அளவு பஞ்சை நைந்த வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, பஞ்சுக்குள் பாலிஷ் ஊற்றி, பின் லேசாகப் பிழிந்துவிட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே ஒரே ஓட்டமாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுங்கள். நடுவில் கையை நிறுத்தினால் துணி அங்கேயே ஒட்டிக்கொண்டு தழும்பு விழும். விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் உடனே திரும்பிப் போகாதீர்கள், அடுத்த பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விட்டு, 320 நம்பர் உப்புத்தாளால் தூசி தட்டுகிற மாதிரி லேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். கெட்டியாக இரண்டு பூச்சு போடுவதைவிடத் தண்ணீராக ஆறு பூச்சு நல்லது. பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, பீடி எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

பஞ்சு ஒட்டவே இல்லை என்றால் அது வார்னிஷ். அப்படியானால் அதே 320 தாளால் பளபளப்பு மங்கும் வரை தேய்த்துவிட்டு மேலே ஒரு பூச்சு வார்னிஷ் போதும். கண்ணாடியின் ஓரத்தில் ரசம் போய்ப் புள்ளி விழுந்திருந்தால் அப்படியே விடுங்கள், அந்தக் காலத்துத் தடிமனான கண்ணாடியைக் கழற்றப் போய் உடைத்தவர்கள் நிறையப் பேர். பித்தளைக் கைப்பிடி ஆசையை மட்டும் நிறைவேற்றிக் கொடுங்கள், அதே திருகாணித் துளைக்குப் பொருந்துகிற அளவில்.

பேத்தி பிறந்திருக்கிறாள். என் மகன் படுத்த மரத்தொட்டில் பரணில் இருக்கிறது, பச்சை எனாமல் அடித்தது, அங்கங்கே உரிந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடித்துவிடலாமா?
– வாசகர், குடியாத்தம்

அய்யா, கொஞ்சம் நில்லுங்கள். இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

உங்கள் மகன் படுத்த காலத்து எனாமலில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டு உபயோக பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல்தான் வந்தது, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறை. அதற்கு முன்னால் அடித்தது எதுவாக இருந்தாலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிப்பது தொட்டில் கம்பியைத்தான். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அதில் இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்கிற கணக்கே கிடையாது.

அதனால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள்தான் விஷம், வீடு முழுக்கப் போய் உட்காரும். நெருப்பு காட்டி உரிப்பதும் கூடாது, புகையிலேயே ஈயம் வரும். அதே காரணத்துக்காகப் பழைய பெயின்ட் அடித்த கட்டையைப் போகியிலோ வெந்நீர் அடுப்பிலோ எரிக்கவும் கூடாது. தாயும் பிள்ளையும் வேறு வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, தோட்டத்தில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, பெயின்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டு, பிளேடு கரண்டியால் வழித்து எடுங்கள். மிச்சத்தை வாட்டர் பேப்பர் கொண்டு தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். கையுறை, என்95 மாஸ்க் இரண்டும் கட்டாயம். வழித்ததையும் ஷீட்டையும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டித் தனியாகக் கொடுத்துவிடுங்கள். அன்று போட்ட துணியைத் தனியாக அலசுங்கள்.

கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் இவ்வளவு பாடும் வேண்டாம், அந்தத் தொட்டிலில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள், தலை மாட்டிக்கொள்ளும். இடைவெளி சரியாக இருந்து, பெயின்டும் முழுசாக வந்துவிட்டால், மேலே அரக்கு பாலிஷ் மட்டும் போடுங்கள். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போடுவது இதே அரக்கைத்தான், காய்ந்த பிறகு குழந்தை கடித்தாலும் பயமில்லை. ஆனால் முழுசாக எடுக்க முடியும் என்று மனசுக்குத் தோன்றவில்லை என்றால், கூச்சப்படாமல் புடவைத் தூளி கட்டிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் டேபிள் அடிப்பக்கம் தண்ணீர் பட்டு உப்பிவிட்டது. பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கலாமா?
– காட்பாடி, கல்லூரி மாணவர்

தம்பி, அது மரமே இல்லை. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை, ஒருமுறை உப்பினால் திரும்ப அமுங்காது. அதற்குச் செலவழிக்கும் காசில் பழைய மரச்சாமான் கடையில் ஒரு பெஞ்ச் வாங்குங்கள்.

பூவரசு பெஞ்ச் கால்களைச் சுற்றித் தினமும் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. கரையான் என்று சொல்லி மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள்.
– வாசகி, வாலாஜாபேட்டை

கரையான் வந்தால் மண் தடம் தெரியும், மாவு கொட்டாது. குண்டூசி நுழைகிற அளவில் வட்ட வட்டமாகத் துளை இருக்கிறதா? அது வண்டு வேலை, உளுத்துப் போகிறது என்பது இதைத்தான். புழு உள்ளே இருந்துகொண்டு தின்கிறது, வண்டாகி வெளியே வரும்போதுதான் அந்தத் துளை. அது தேடி வருவது வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டையை, அதில்தான் மாவுச்சத்து இருக்கும். வைரம் பாய்ந்த உள்கட்டையை அவ்வளவாகத் தொடாது. அதனால் பெஞ்சே போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம், ஒரு ஓரம்தான் போயிருக்கும். கோணி ஊசியால் குத்திப் பாருங்கள், எங்கே சர்ரென்று இறங்குகிறதோ அது வரைக்கும்தான் சேதம்.

பழைய துளையா, இப்போதும் தின்கிறதா என்பது முக்கியம். துளைகளைச் சுத்தமாக ஊதித் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் ஒன்று போட்டு வையுங்கள், ஒரு வாரம் கழித்துத் தாளில் வெளுப்பாகப் புதுத் தூள் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. கடையில் மரத்துக்கான பூச்சி மருந்து என்று கேட்டு வாங்கி, ஊசி போடும் சிரிஞ்சால் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஏற்றி, மேலே மெழுகு வைத்து அடைத்துவிடுங்கள். மருந்து மேலெல்லாம் தடவவும் வேண்டும், ஆனால் பூச்சு இருக்கிற மரத்தில் அது உள்ளே இறங்காது, முதலில் தேய்த்து வெறும் மரமாக்க வேண்டும். மண்ணெண்ணெய் நாற்றம் ஒரு மாதம் இருக்கும், உள்ளே இருக்கிற புழு பிழைத்துக்கொள்ளும், மேலே பாலிஷும் பிடிக்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், மருந்து காய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டு மேஜை நாற்காலி நான்கும் ஆடுகிறது. ஆசாரியைக் கூப்பிட்டு ஆணி அடித்தோம், இரண்டு மாதத்தில் மறுபடி ஆட்டம்.
– வாசகர், ஆம்பூர்

ஆணி அடித்த ஆசாரிக்கு அவசரம், வேறென்ன சொல்ல. நாற்காலி மூட்டு என்பது ஒரு கட்டையின் கழுந்து இன்னொரு கட்டையின் துளைக்குள் இறுக்கமாகப் போய் உட்காருவது. அதில் பசை விட்டுப்போய்த்தான் ஆடுகிறது. பக்கவாட்டில் ஆணி இறக்கினால் கழுந்து பிளக்கும், கொஞ்ச நாளில் ஆணியைச் சுற்றியே துளை பெரிதாகிவிடும். பாய் வீட்டுப் பந்தியில் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பின்னால் சாய்கிற ஆளை அந்த ஆணி தாங்காது.

ஆணியைப் பிடுங்குங்கள். எந்தக் கால் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் நம்பர் போட்டுவிட்டு, சுத்தியலுக்கும் மரத்துக்கும் நடுவில் துணியோ ரப்பர் செருப்போ வைத்துத் தட்டி மூட்டைக் கழற்றுங்கள். ஆடுகிற மூட்டை மட்டும் கழற்றினால் போதும், கெட்டியாக இருப்பதைத் தொந்தரவு செய்யாதீர்கள். பழைய பசையைச் சுரண்டி எடுப்பதுதான் உண்மையான வேலை, அதைச் செய்யாமல் மேலே எவ்வளவு பெவிகால் ஊற்றினாலும் பிடிக்காது. அது மரத்துக்குள் ஊறித்தான் ஒட்டும், பழைய பசையின் மேல் ஊற இடமில்லை. தேக்காக இருந்தால் இன்னொரு சங்கதி, அதில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, பசை போடும் முன் தின்னர் தொட்ட துணியால் கழுந்தைத் துடைத்துவிட வேண்டும். கழுந்து தளர்வாக இருந்தால் மரச் சீவலைப் பசையில் தோய்த்து அதன்மேல் சுற்றி இறக்குங்கள்.

பிறகு இறுக்கிக் கட்ட வேண்டும். கிளாம்ப் வாங்கப் போகாதீர்கள். சைக்கிள் கடையில் பஞ்சரான பழைய டியூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், அதை நீளவாக்கில் பட்டையாக வெட்டி நான்கு காலையும் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினால் கிளாம்ப் கெட்டது. பிதுங்கி வரும் பசையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாமல் வெளுத்துத் தெரியும். சமதரையில் நிறுத்தி, நான்கு காலும் தரையில் படிகிறதா என்று பார்த்து, ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். அதுவரைக்கும் யாரும் உட்காரக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். வாகை மரக் கட்டில் அதில் ஊறிவிட்டது. காய்ந்துவிட்டது, உறுதியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆணி அடித்த இடமெல்லாம் மை கொட்டினது போல் கறுப்பு. தேய்த்தும் போகவில்லை.
– வாசகர், விரிஞ்சிபுரம்

உப்புத்தாளால் போகாது, அந்தக் கறை மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் ஊறப்போடுகிற தொட்டியில் இரும்பு விழுந்தால் தோல் கறுத்துப்போகும், கேள்விப்பட்டிருப்பீர்கள். பட்டையில் இருக்கிற அதே துவர்ப்புச் சத்து மரத்திலும் இருக்கிறது, தண்ணீர் பட்டதும் ஆணியின் இரும்பு அதோடு சேர்ந்து கறுப்பாகிவிட்டது.

இதற்கு ஆக்ஸாலிக் ஆசிட்தான் மருந்து. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்புகளுக்குக் கெமிக்கல் விற்கும் கடைகளில் விசாரியுங்கள், சர்க்கரை மாதிரி தூளாக இருக்கும். அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு மேஜைக்கரண்டி கரைத்து, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் கறையில் மட்டும் இல்லாமல் அந்தப் பலகை முழுக்கத் தடவுங்கள், இல்லாவிட்டால் கறை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் திட்டாகத் தெரியும். காய்ந்ததும் நல்ல தண்ணீர் தொட்டுத் தொட்டு நன்றாகத் துடைத்து எடுக்க வேண்டும். உள்ளே போனால் விஷம்: கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் கட்டாயம், சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கக் கூடாது, துடைத்து முடிக்காமல் உப்புத்தாள் போட்டால் தூள் மூக்கை எரித்துவிடும். துருப்பிடித்த ஆணியை முதலிலேயே பிடுங்கிவிட்டுப் பித்தளைத் திருகாணி போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடியும் மைதான்.

வாசக்காலுக்கும் கதவுக்கும் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் தடவினால் வார்னிஷ் தேவையில்லை என்று எங்கள் ஆயா சொல்வார். சரியா?
– வாசகி, போளூர்

ஆயா காலத்தில் வீட்டிலேயே ஆட்டிய எண்ணெய் இருந்தது, தடவினார்கள். மல்லாட்டை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ காய்ந்து இறுகாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். காய்ந்து படலமாகிற எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்கள். கொஞ்சம் டர்பன்டைன் கலந்து தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

துடைத்த துணி விஷயத்தில் ஜாக்கிரதை. லின்சீட் ஆயில் காயும்போது சூடாகும், அந்தத் துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டால் யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பிரம்பு பின்னிய நாற்காலி, பிரம்பு அறுபடவில்லை, ஆனால் உட்காரும் இடம் தொய்ந்து பள்ளமாகிவிட்டது. மறுபடி பின்னத்தான் வேண்டுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

அறுபடாத வரைக்கும் பின்ன வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கம் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். பூச்சு இல்லாத அந்தப் பக்கம்தான் தண்ணீரைக் குடிக்கும். பிறகு நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும், காய்கிறபோது பிரம்பு சுருங்கி இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பின்னலாக இருந்தால் இதெல்லாம் நடக்காது, சும்மா நனையும்.

திருப்பத்தூரில் என் தாத்தா வாங்கிய சந்தனப் பெட்டி, மங்கிவிட்டது. வார்னிஷ் அடித்தால் பளபளப்பு வருமா?
– வாசகி, ஜோலார்பேட்டை

பளபளப்பு வரும், வாசனை போய்விடும். ஜவ்வாது மலைச் சந்தனக்கட்டை வந்து சேருகிற ஊரில் வாங்கிய பெட்டிக்கு வார்னிஷ் அடிக்க எப்படி மனசு வரும்? காய்ந்த டூத் பிரஷ்ஷால் செதுக்கலில் இருக்கிற தூசியைத் தட்டிவிட்டு, பெட்டியின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் மட்டும் 400 நம்பர் தாளால் லேசாகத் தேயுங்கள். தூங்கிக்கொண்டிருந்த வாசனை வெளியே வரும். வேறு ஒன்றும் செய்யாதீர்கள்.

பழைய சாமான் வாங்குகிறவர் வந்து பார்த்துவிட்டு, "இது பலகாட்டு மரம், விறகு விலைதான்" என்கிறார். மாமனார் தேக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஆரணி

விறகு விலைக்குக் கேட்கிறவர் எதற்காக வண்டி பிடித்துத் தேடி வருகிறார் என்று யோசித்தீர்களா? அடிப்பக்கம், பூச்சே படாத இடத்தில் பிளேடால் ஒரு சீவல் எடுங்கள். தேக்காக இருந்தால் புதிதாகச் சீவிய இடம் பொன் கலந்த பழுப்பாக இருக்கும், தொட்டால் லேசாக வழுவழுக்கும், முகர்ந்தால் தோல் செருப்புக் கடைக்குள் நுழைந்தது போல ஒரு வாசனை வரும். சீவிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சட்டென்று உறிஞ்சாமல் கொஞ்ச நேரம் நிற்கும். இதில் இரண்டு மூன்று ஒத்துப்போனால் மாமனார் சொன்னதுதான் சரி. சந்தேகம் இருந்தால் வாங்க வந்தவரைத் தவிர்த்து வேறொரு ஆசாரியிடம் காட்டுங்கள். விற்கிறதாகவே முடிவு செய்தாலும் முதலில் மேலே சொன்னபடி துடைத்துவிட்டுக் காட்டுங்கள், விலை தானாக ஏறும்.

ஐப்பசி மழையில் மேஜை டிராயர் இறுகிவிட்டது, இழைப்புளி போட்டுச் சீவச் சொல்லலாமா? இன்னொன்று, போன கார்த்திகையில் பாலிஷ் போட்ட டீப்பாய் பால் படிந்தது போல வெளுத்துவிட்டது.
– வாசகர், ஆற்காடு

இரண்டுக்கும் காரணம் ஈரம்தான். மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். ஐப்பசியில் சீவினால் சித்திரையில் டிராயர் லொடலொடவென்று ஆடும். இப்போது இழுத்துப் பாருங்கள், தானாகவே கொஞ்சம் விட்டிருக்கும். ஓடுகிற விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். சித்திரையிலும் பிடித்தால் அப்போது சீவலாம்.

டீப்பாய் வெளுத்தது, அரக்கு காய்வதற்குள் காற்றின் ஈரம் அதில் மாட்டிக்கொண்டதால். சூடான டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுவதும் இதே கதைதான். ஸ்பிரிட்டில் துணியைத் தொட்டு, ஈரம் கையில் தெரியாத அளவுக்குப் பிழிந்துவிட்டு, வெளுத்த இடத்தின் மேல் வேகமாக ஒரு வீச்சு. ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் பாலிஷே கையோடு வந்துவிடும். ஒரு நிமிடம் பொறுத்து, தேவைப்பட்டால் இன்னொரு வீச்சு. மதியம் பதினோரு மணிக்கு மேல், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.